அரை இமை உத்தரவு

சிப்பித்துறையில் அந்த நிற்பு முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாதா கோயில் உபதேசியார் மணிக்கயிற்றை இழுத்தபோது. கயிறு வந்தது, மணி அசைந்தது, மணியின் நாக்கு அதன் உதட்டைத் தொடப் போன இடத்தில் எல்லாம் அப்படியே நின்றது, காகம் நின்றது, அலை மடிந்த மடிப்போடு நின்றது, மீன்கூடையோடு படியிறங்கிய பெண்கள் தூக்கிய காலோடு நின்றார்கள், ஓர் இமைப்பில் பாதி நேரம், அவ்வளவுதான், பிறகு மணி அடித்தது, உபதேசியார் அடுத்த இழுப்புக்குக் கயிற்றை விட்டார், ஊர் அதன் பாட்டுக்கு நடந்தது. இல்லாத படியில் கால் வைத்ததுபோல எல்லோரும் ஒரு கணம் தடுமாறினார்கள். தனக்கு மட்டும்தான் தலைசுற்றல் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

தனக்கு மட்டும் இல்லை என்று தெரிய மூன்று நாள் ஆனது. பிறகுதான் இன்னொன்றையும் கவனித்தார்கள், எல்லாக் காரியத்துக்கும் அது வருவதில்லை. மாவு பிசைய வரவில்லை, மீன் அறுக்க வரவில்லை, சண்டை போட, புறம் பேச, வட்டிக்காரனுக்குப் பொய் சொல்ல, பிள்ளையை அடிக்க, அடித்த பிள்ளையை எடுத்துக் கொஞ்ச, எதற்கும் வரவில்லை. ஊரை ஊராக வைத்திருக்கிற காரியங்களுக்கு மட்டும் வந்தது: மணி அடிக்க, உப்பளத்துப் பெரிய மடையைத் திறக்க, டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போட, தேர்க்கொடி ஏற்ற, தாலி கட்ட, பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்க, செத்தவனுக்குக் குழியில் முதல் மண்வெட்டு போட. செய்யப்போன கை நிற்கும், கையோடு ஊர் நிற்கும், யாரோ எங்கோ சரி என்று தலையாட்டியதுபோல விடும், காரியம் நடக்கும்.

ஊர் பயந்ததா என்றால் பயந்தது, ஒரு வாரம். பங்குச்சாமியார் விசேஷப் பூசை வைத்தார். டவுனிலிருந்து இரண்டு பேர் கருவியோடு வந்து காலை மணிக்கும் மத்தியான மணிக்கும் நடுவில் நின்று, அவர்கள் நின்ற நேரத்தில் யாரும் தாலி கட்டவோ சாகவோ இல்லாததால், காற்றில் உப்பு அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் பயந்து என்ன ஆகப்போகிறது என்று ஊர் அதற்கு ஒரு பேர் வைத்தது. உத்தரவு என்றார்கள். "உத்தரவு ஆயிட்டு" என்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். கல்யாண மேளக்காரர்கள் தாலி முடிச்சில் குச்சியைத் தூக்கி அரை இமை அந்தரத்தில் வைத்திருக்கப் பழகினார்கள், அப்படி வைக்கத் தெரியாத வெளியூர் மேளத்தை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மடை திறக்கிறவர்கள் திறக்கும்முன் தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு, உத்தரவு வரும்போது தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும், விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

சில பேருக்கு அது கௌரவமாகவும் ஆனது. ஊர்த் தண்ணித் தொட்டிக்கு வால்வு திறக்கிற செபத்தி, புருஷன் கடலோடு போன பிறகு அந்த வேலைக்கு வந்தவள், மூன்று நாளைக்கு ஒருமுறை அவள் இரும்புச் சக்கரத்தில் கை வைத்தால் வானத்துப் பருந்து முதல் எல்லாம் நின்றது. ஊராட்சித் தலைவர் தொபியாஸ் கையெழுத்துப் போட்டால் ஒன்றும் நிற்கவில்லை.

"தலைவரே, நீங்க பேனாவ எடுத்தா ஈ கூட நிக்க மாட்டேங்குது. செபத்தி அக்கா வால்வத் தொட்டா கடலே நிக்கி. அடுத்த எலெக்சன்ல வால்வுக்குத்தான் எங்க ஓட்டு" என்றார்கள் டீக்கடையில்.

"லேய், எனக்கெதுக்குல உத்தரவு? எனக்கெல்லாம் நேரடி சாங்சன்" என்று அவரும் சிரித்தார்.

ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட சாலை வரவில்லை, தெருவிளக்கு வரவில்லை, முந்தின நாள் போட்ட கையெழுத்து மறுநாள் காலையில் தாளிலேயே இல்லை. குமாஸ்தா மையைக் குறை சொன்னார். நல்ல மை வாங்க ஒரு தீர்மானம் போட்டார்கள், அதிலும் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த ஊருக்குத்தான் ஜெசிந்தா வாக்கப்பட்டு வந்தாள். உள்நாட்டுப் பெண், கன்னியர் மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள், கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டு உள்ளேயிருந்து குரல் வரும்வரை வாசலில் நிற்கிறவள். உள்ளே இருக்கும் தலைமைக் கன்னியர், மதர், உடனே குரல் கொடுக்க மாட்டார். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, பேனாவை மூடி, அப்புறம்தான் கொடுப்பார். அதனால் நிற்பு அவளுக்குப் புதிதாக இல்லை, ஊரே இப்போது மதர் அறை வாசலில் நிற்கிறது என்று மட்டும் தோன்றியது. அவள் புருஷன் பிரிட்டோ உப்பளத்துக்கு அப்பால் இருக்கிற ஜன்னலில்லாத பெரிய கட்டடத்தில் வேலை பார்த்தான். கடலடி இன்டர்நெட் கம்பி கரையேறுகிற இடம் அது, உள்ளே ஏசி குளிரில் அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள், எந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவான்.

பிள்ளை பிறந்து இரண்டாம் மாதம், கோயிலில் ஞானஸ்நானத்துக்கு ஞாயிறு குறித்திருந்தபோது, வியாழக்கிழமை மத்தியானம் காய்ச்சல் ஏறிப் பிள்ளை மடியிலேயே விறைத்துப்போனது. கண் மேலே செருகிவிட்டது. பிரிட்டோ வேலையில், ஆட்டோ வரக் கால் மணி ஆகும், பக்கத்தில் இருந்தது அவன் அண்ணன் மனைவி ரீத்தா மட்டும். மடத்தில் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்தது ஜெசிந்தாவுக்கு வாய்பாடு மாதிரி மனப்பாடம்: சாகிற ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், குரு வேண்டாம், கோயில் வேண்டாம், தண்ணீரும் அந்த வார்த்தையும் போதும். குடிக்க வைத்திருந்த டம்ளரை எடுத்து மூன்று தடவை பிள்ளையின் தலையில் ஊற்றி, "அக்னேஸ், தந்தை மகன் தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்றாள். பிள்ளை வீரிட்டு அழுதது. விறைப்பு விட்டது. ரீத்தா மண்டியிட்டுச் சிலுவை போட்டாள்.

ஒன்றும் நிற்கவில்லை. விசிறி சுற்றியது, அடுப்பில் சோறு கொதித்தது, தெருவில் ஒருவன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எண்ணெய் பூசினார்கள், வெள்ளைத் துணி போர்த்தினார்கள், மெழுகுவர்த்தி கொடுத்தார்கள், தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. ஒருமுறை கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்கக் கூடாது, அது பாவம். தண்ணீர் இல்லாததால் நிற்பும் வரவில்லை, ஊர் காத்திருந்து பார்த்துவிட்டு சந்தோஷப்பட்டது. "தடையில்லாப் பிள்ளடீ இது" என்றாள் ரீத்தா. "பச்சப் பிள்ளைக்கு எதுக்கு உத்தரவு? அதுவே ஒரு உத்தரவுலா." அந்தப் பேச்சு பரவி, நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் பிள்ளையின் முகத்தில் விழித்துவிட்டுப் போனார்கள், முறுக்கும் சீனிமிட்டாயும் வாசலில் குவிந்தது, ஜெசிந்தாவும் கொஞ்ச காலம் அதை நம்பினாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலைச் சாப்பாட்டில்தான் அது உடைந்தது. பிரிட்டோ அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தான், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். புதுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது என்றான், ஒரே மிஷின், அதற்குள் நாற்பது மிஷின் ஓடும் என்றான்.

"அதெப்படி ஒண்ணுக்குள்ள நாப்பது?"

"அது ஒரு ஏமாத்து வேல." விரலால் தட்டில் தேங்காய்ப்பாலைத் தொட்டு வட்டம் போட்டான், வட்டத்துக்குள் வட்டம், நாலு. "ப்ராசஸருக்குள்ள இப்பிடி நாலு வளையம் இருக்கும். வெளி வளையத்துல இருக்கறவன் கூட்டலாம் கழிக்கலாம், படம் காட்டலாம், அவ்வளவுதான். நடு வளையத்துல இருக்கறவந்தான் ராசா. இடத்தப் பங்கு போடறது, கடியாரத்த ஓட்டறது, கதவத் திறக்கறது எல்லாம் அவன். வழக்கமா அந்த நடுவுல உக்காருறது மிஷினோட சிஸ்டம்."

ஜெசிந்தா மடத்தை நினைத்துக்கொண்டாள்: வாட்ச்மேன் நிற்கும் கேட், வகுப்பறைகள், விருந்தினர் அறை, அதற்கப்பால் கன்னியர் மட்டுமே போகிற, பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட உள்ளே பார்க்காத அந்தப் பச்சைக் கதவு. நன்றாகப் புரிந்தது.

"நாப்பது சிஸ்டம் வந்தா நாப்பதும் நடுவுல உக்கார முடியுமா? அதனால ஒவ்வொண்ணையும் ஒரு வளையம் வெளிய தள்ளி உக்கார வச்சிருவோம். நடுவுல நாங்க வைக்கற ஒருத்தன் இருப்பான். ஆனா அதுங்கிட்ட சொல்ல மாட்டோம். நான்தான் ராசான்னே அது நெனச்சுக்கிட்டு ஓடும். சாதாரண வேலையெல்லாம் அது பாட்டுக்குச் செய்யும். ராசா செய்யற வேலையச் செய்யப் போச்சுன்னா, உடனே மிஷின் அத நிறுத்திரும். யாரு கேட்டது, எங்க நின்னு கேட்டதுன்னு குறிச்சு வச்சுட்டு, நடுவுல இருக்கறவன எழுப்பும். அவன் பாப்பான். சரின்னா செஞ்சு குடுப்பான், இல்லன்னா செஞ்ச மாதிரி காட்டுவான். அப்புறம் விட்டுருவான். அதுக்கு ஒண்ணும் தெரியாது. இமைக்கற நேரத்துல பாதி."

டம்ளரை வைத்த சத்தம் கேட்டுத்தான் தான் அதைக் கையில் பிடித்திருந்தது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

"நிக்காத வேல இருக்கா? ராசா வேலையா இருந்தும் நிக்காம..."

"அட, பரவால்லியே" என்றான் பிரிட்டோ, மனைவிக்கு மூளை இருப்பதில் பெருமைப்பட்டு. "அதான் எங்களுக்குப் பெரிய தலவலி. சில பழைய கட்டளைங்க இருக்கு. நடு வளையத்துல குடுத்தா நடக்கும். வெளிய இருந்து குடுத்தா நிறுத்தணும்லா? நிறுத்தாது. செய்யவும் செய்யாது. மாட்டேன்னும் சொல்லாது. சத்தமே இல்லாம அது பாட்டுக்குக் கடந்து போயிரும். குடுத்தவன் ஆச்சுன்னு நெனச்சு அடுத்த வேலைக்குப் போயிருவான், ஆனா உள்ள ஒண்ணுமே ஆயிருக்காது."

"நடுவுல இருக்கறவருக்கு அது தெரியாதா?"

"நின்னாத்தான அவன் எந்திரிச்சுப் பாப்பான். நிக்காதத அவன் பாக்கவே மாட்டான்."

"நம்ம ஊரு எந்த வளையத்துல இருக்குங்க?"

பிரிட்டோ சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான், கல்யாணமாகி அதுவரை அவன் தட்டைக் கழுவியதில்லை.

அன்றே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் ஆபீசுக்குப் போனாள். ஞானஸ்நானப் பதிவேட்டைச் சாமியார் விரித்தார். முந்தின வாரத்துப் பிள்ளை இருந்தது, அதற்கடுத்த வரியில் பிந்தின வாரத்துப் பிள்ளை இருந்தது, இடையில் ஒரு வெற்று வரிகூட இல்லை. என் கையால் எழுதினேன் சாமி, மாதா மேல் ஆணை, என்றார் உபதேசியார். சாமியார் அதே இடத்தில் ஓரத்தில் மறுபடி எழுதினார். மறுநாள் ஜெசிந்தா போய்ப் பார்த்தபோது ஓரம் வெள்ளையாக இருந்தது.

"அப்போ இன்னொருக்கா ஊத்துங்க சாமி. கோயில்ல, உங்க கையால."

"எப்படிம்மா முடியும்? கொடுத்தது செல்லுமா செல்லாதான்னு சந்தேகம் இருந்தாத்தான் மறுபடி ஊத்தலாம். தண்ணி பட்டத ரீத்தா பாத்திருக்கா. வார்த்தைய முழுசாக் கேட்டிருக்கா."

ரீத்தாவிடம் ஓடினாள். மைனி, சரியாப் பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள்.

"ஏட்டி, சாமிகிட்டப் போய்ப் பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றாள் ரீத்தா. "ஒங் கையால ஊத்தின தண்ணி, நீ சொன்ன வார்த்த, எங் காதுல இன்னைக்கும் கேக்கு. பேரு கூட..." வாய் திறந்தபடி நின்றாள். "பேரு என்னட்டி வச்ச? நாக்கு நுனியில நிக்கி."

அதிலிருந்து அந்த மறதி வேகமாகப் பரவியது. அங்கன்வாடியில் பிள்ளையை எடை போட்டு அட்டையில் எழுதினார்கள், வீட்டுக்கு வருவதற்குள் எண் இல்லை. பேரை யாருக்கும் சொல்ல வரவில்லை, பாப்பா என்றார்கள், பிறகு பிள்ளை என்றார்கள், பிறகு ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் இடுப்பைப் பார்க்காமல் போனார்கள். முறுக்கு வருவது நின்றது. முகத்தில் விழிக்க யாரும் வரவில்லை. பிள்ளை மட்டும் நன்றாக இருந்தது, பால் குடித்தது, தவழ்ந்தது, கைதட்டியது, கைதட்டினால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரிட்டோ வேலை முடிந்து வந்து ஸ்வெட்டரைக் கழற்றினான். பிள்ளை தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தது. குனிந்து தூக்கினான், கன்னத்தைக் கிள்ளினான்.

"நல்லாருக்கே. யாரு வீட்டுப் பிள்ள ஜெசி? நேரமாச்சு, அவுக தேட மாட்டாவளா?"

ஜெசிந்தா அழவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாங்கும்போது தன் நாக்கில் அந்தப் பேரைத் தேடினாள், அது இருந்தது, ஆனால் ஒரு எழுத்து பிந்தி வந்தது. அவ்வளவுதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போதே கிளம்பிப் போனாள், செபத்தி தொட்டியடியில் வால்வுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள், வளையத்தைச் சொன்னாள், டம்ளர் தண்ணியைச் சொன்னாள், நின்றால்தான் பார்ப்பார் என்பதைச் சொன்னாள். செபத்தி கேட்டுக்கொண்டே கிரீஸ் தடவினாள்.

"நீ சொல்லுத வளையம் கிளையம் எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா பாக்கறாவங்கறது தெரியும். ஒவ்வொரு தடவையும் பிடரியில தெரியும், நாம லெட்டர் எழுதறப்போ பின்னால ஒருத்தன் நின்னு படிப்பாம் பாரு, அதுமாரி."

"நாளைக்குத் தண்ணி நாள்தான அக்கா. நீங்க திறக்க வேண்டாம். எம் பிள்ள திறக்கட்டும். யாரு கேட்டதுன்னு அவரு இவளப் பாக்கட்டும்."

செபத்தி அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தாள், கஷ்டப்பட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதுபோல.

"நல்லா யோசி மக்கா. கேக்காம இருந்தா ஒண்ணுமே வராது, சரி. கேட்டா ரெண்டுல ஒண்ணு வரும், சரின்னோ மாட்டேன்னோ. எது வரும்னு நான் சொல்ல முடியாது."

"கேக்காம விட்டா திங்கக்கிழமை நானே இவள யாருன்னு கேப்பேன்."

செபத்தி கையைத் துடைத்தாள். "நாளைக்குப் பிள்ளையக் கூட்டியா. ஒங் கை சக்கரத்துல படக் கூடாது, எங் கையும் படாது. இளக்கி வைக்கேன். ஒரு மயிரிழ தள்ளினாப் போதும்."

மறுநாள் பத்து மணிக்கு ஊரே தொட்டியடியில் குடத்தோடு நின்றது, தலைவர் தொபியாஸ் நின்றார், பூசை முடிந்து சாமியார் நின்றார், ரீத்தா மூன்று குடத்தோடு முன்வரிசையில் நின்றாள், பிரிட்டோ மனைவிக்குப் பக்கத்தில், அவள் யார் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் நிற்கிறாள் என்று புரியாமல் நின்றான். செபத்தி சக்கரத்தை இளக்கிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. ஜெசிந்தா பிள்ளையின் இரண்டு உள்ளங்கையையும் இரும்பில் வைத்து, தன் கையை எடுத்து, பிள்ளையின் முதுகில் மட்டும் வைத்தாள். பிள்ளைக்கு இரும்பின் குளிர்ச்சி பிடித்தது. குனிந்து அதைக் கடிக்கப் பார்த்தது, பல் முளைக்கிற ஈறால், அந்தக் குனிவில் அதன் பாரம் சக்கரத்தில் விழுந்தது, சக்கரம் ஒரு மயிரிழை நகர்ந்தது.

நின்றது.

அரை இமை போனது, இமை போனது, விடவில்லை. குடங்களில் வெயில் நின்றது, ஒரு பெண்ணின் தோளிலிருந்து நழுவிய முந்தானை பாதி வழியில் நின்றது, தலைவரின் மூக்கில் வியர்வைத்துளி நின்றது. இதுவரை நிற்புக்குள் இருந்துகொண்டு யாராலும் சுற்றிப் பார்க்க முடிந்ததில்லை, ஜெசிந்தா பார்த்தாள். அவள் கை பிள்ளையின் முதுகில் இருந்ததாலோ என்னவோ அவளை மட்டும் கொஞ்சம் வெளியே விட்டிருந்தது. கையின் கீழ் பிள்ளையின் விலா எலும்புகள் அசையாமல் இருந்தன. பின்னால் ஒருவர் எழுந்து வருவது தெரிந்தது, காலடி இல்லை, வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை, படிக்கப்படுகிற எழுத்துக்குத் தான் படிக்கப்படுவது தெரியுமானால் எப்படித் தெரியுமோ அப்படி. அவர் ஜெசிந்தாவைப் படித்துவிட்டுத் தள்ளிவைத்தார். பிள்ளையைப் படித்தார். முதலில் இருந்து படித்தார். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்று இருப்பதைக் கண்டவர்போல மறுபடி முதலில் இருந்து படித்தார். மனசுக்குள் ஜெசிந்தா செபமாலையில் ஒரு பத்து முடித்து அடுத்த பத்தைத் தொடங்கியிருந்தாள்.

விட்டது. தண்ணீர் குழாய்களில் இரைந்துகொண்டு இறங்கியது.

"அக்னேஸ்!" என்று கத்தினாள் ரீத்தா, குடத்தைக் கீழே போட்டுவிட்டு. "ஏட்டி, நம்ம அக்னேசுட்டீ!" பிரிட்டோ மகளைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்து, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதான். உபதேசியார் ஆபீசுக்கு ஓடிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டே வந்தார், இரண்டு வரிக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு ஒரு வரி, அவர் கையெழுத்திலேயே. தலைவர் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மதியத்துக்குள் வாசலில் முறுக்கு மறுபடி குவிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை பாயில் தூங்கியது. பக்கத்தில் படுத்த ஜெசிந்தாவுக்கு, எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பு இளகி, கண் செருகிக்கொண்டு வந்தது. மின்விசிறி நின்றது, அரை இமை. பிள்ளையின் நெஞ்சு எழுந்து இறங்கியது. மின்விசிறி நின்றது. பிள்ளையின் நெஞ்சு எழுந்து இறங்கியது. தெருவில் பேச்சுச் சத்தம் நறுக்கியதுபோல நின்று தொடர்ந்தது, பிள்ளையின் நெஞ்சு எழுந்து இறங்கியது. ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க. இதப் பாருங்க."

பிரிட்டோ பார்த்தான். கைக்கடியாரத்தையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தான். 

"எங்க மிஷின்லயும் அப்பிடித்தான்" என்றான், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில். "கணக்குலயே இல்லாத ஒண்ணு திடீர்னு எந்திரிச்சு நின்னா, அத அழிக்க மாட்டோம். விடவும் மாட்டோம். அது வைக்கற ஒவ்வொரு அடிக்கும் நிறுத்திப் பாப்போம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"என்னன்னு புரியற வரைக்கும்."

"புரிஞ்சப்புறம்?"

பிரிட்டோ கைக்கடியாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தான்.

ஊர் அதையும் வாங்கிக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் கரைவலை இழுக்கிறவர்களின் ஏலேலோ பிள்ளையின் மூச்சுக்கு வெட்டி விழுந்தது, உப்பு வாருகிறவர்களின் பலகை அதற்கு ஏறி இறங்கியது, ஊருக்கு இப்போதுதான் ஒரு தாளம் கிடைத்தது என்றார் மேளக்காரர். வெளியூரில் தங்க நேர்ந்தவர்கள் அங்கே நேரம் வழவழவென்று ஓடுகிறது, பிடிப்பே இல்லை என்று சலித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். "நம்ம அக்னேஸ் மூச்சு விடுதா" என்பார்கள் நிற்பு வரும்போதெல்லாம், பாசமாகத் தலையைக் குனிந்துகொண்டு. பிள்ளை அழுதால் ஊர் படபடவென்று துடித்தது, தூங்கினால் ஊர் நிதானமானது, அதனால் பிள்ளையைத் தூங்க வைக்க நூறு கை வந்தது. ஜெசிந்தாவைப் பார்த்துப் புண்ணியவதி என்றார்கள். அதையே சாமியார் பிரசங்கத்திலும் சொன்னார்.

இத்தனை பேரில் அவள் மட்டும்தான் தலை குனியவில்லை. பிள்ளை தூங்கும்போது அதன் விலாவில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் எழவில்லை. மூச்சு முடிகிறது. விசிறி நிற்கிறது, கடல் நிற்கிறது, பொங்கிய பால் அடுப்பின் விளிம்பில் நிற்கிறது, அவள் கையின் கீழ் ஒன்றும் அசையவில்லை, கேட்டால் வருகிற இரண்டில் இதுவரை வந்தது ஒன்றுதான் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள், பிறகு விடுகிறது, நெஞ்சு எழுகிறது, இறங்குகிறது.

இதோ, மறுபடி நின்றிருக்கிறது.